சுங்கவரித் தகராறை நடுவரிடம் கொண்டுபோவது எப்படி? தொடக்கம் முதல் தீர்ப்புக்குப் பிறகு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

1960களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் கோழி இறைச்சி இறக்குமதிக்குப் புதிய வரிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. மேற்கு ஜெர்மனிக்குக் கோழி அனுப்பிவந்த அமெரிக்கப் பண்ணைகளின் வியாபாரம் படுத்துவிட்டது. ஆண்டுக்கு 4.6 கோடி டாலர் போய்விட்டது என்றது அமெரிக்கா. ஐரோப்பா 1.9 கோடிக்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை. பேசிப் பேசி அலுத்த இரு தரப்பும் காட் (சுங்கவரி, வணிகம் பற்றிய பொது உடன்பாடு) ஒப்பந்தத்தின் கீழ் ஒரு நிபுணர் குழுவிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்தன: சரியான தொகை எவ்வளவு? 1963 நவம்பரில் குழு சொன்ன பதில் 2.6 கோடி டாலர். ஐரோப்பா தன் வரியைக் குறைக்கவில்லை. அமெரிக்கா அந்தத் தொகைக்கு ஈடாகப் பிராந்தி, உருளைக்கிழங்கு மாவுப்பொருள், டெக்ஸ்ட்ரின், சரக்கு டிரக் ஆகியவற்றின் மீது வரியை ஏற்றியது. டிரக்குக்குப் போட்ட அந்த 25 சதவீதம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

நடுவர் முறையால் எது ஆகும், எது ஆகாது என்பது இந்த ஒரு வழக்கிலேயே தெரிந்துவிடுகிறது. கேள்வி குறுகலாக இருந்து, இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால் பதில் சீக்கிரம் வரும். ஆனால் அந்தப் பதில் எந்த நாட்டின் வரியையும் தானாகக் குறைத்துவிடாது. இவை இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு கீழுள்ள படிகளைப் படியுங்கள்.

தொடங்குமுன் ஒன்று. வரி போடுவது அரசு என்பதால், உலக வர்த்தக அமைப்பிலும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களிலும் வழக்காட முடிவது அரசுகளால் மட்டுமே (முதலீட்டு அத்தியாயம் உள்ள சில ஒப்பந்தங்கள் விலக்கு, படி 4இல் ஓர் எடுத்துக்காட்டு வரும்). பாதிக்கப்பட்ட நிறுவனம் தன் அரசின் வர்த்தக அமைச்சகத்தை இணங்கவைக்க வேண்டும். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே 'ஏறிய வரியை யார் கட்டுவது?' என்று எழும் சண்டை வேறு வகை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 1: எந்த வாக்குறுதி உடைந்தது என்று கண்டுபிடியுங்கள்

வரி அதிகம் என்பது மட்டும் வழக்காகாது. உலக வர்த்தக அமைப்பின் ஒவ்வோர் உறுப்பு நாடும், 'இந்தப் பொருளுக்கு இதற்கு மேல் வரி போட மாட்டேன்' என்று பொருள்வாரியாக உச்சவரம்பு எழுதிய சலுகைப் பட்டியல் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. நடைமுறையில் வசூலிக்கும் வரி அதைவிடக் குறைவாக இருக்கலாம். உச்சவரம்பு 40, இன்றைய வரி 10 என்று வைத்துக்கொள்வோம். நாளை அதை 35 ஆக்கினால் உங்கள் ஏற்றுமதி அடிபடும், ஆனால் விதி மீறப்படவில்லை. இந்த நிலையில் வழக்குப் போட்டால் பணமும் காலமும்தான் வீணாகும்.

மீறல் என்று வாதிட வழக்கமாகச் சில அடிப்படைகள் உண்டு. உச்சவரம்பைத் தாண்டுவது காட் ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவுக்கு எதிரானது. ஒரு நாட்டுக்கு ஒரு வரி, இன்னொரு நாட்டுக்கு வேறு வரி என்றால் 1ஆம் பிரிவு குறுக்கே வரும் (தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போன்ற விலக்குகள் தனி). பொருள்குவிப்புத் தடுப்பு வரியோ (சொந்த நாட்டு விலையைவிடக் குறைத்து ஏற்றுமதி செய்வதற்கு எதிரானது) பாதுகாப்பு வரியோ (இறக்குமதி திடீரென்று பெருகும்போது தற்காலிகமாகப் போடுவது) போட்டிருந்தால், அதற்கு முன் நடந்திருக்க வேண்டிய விசாரணை முறையாக நடந்ததா என்று துருவலாம்.

பட்டியலை எழுத்தெண்ணிப் படிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இந்தியாவின் தகவல் தொழில்நுட்பப் பொருட்கள் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. மொபைல் போன் உள்ளிட்ட சில பொருட்களுக்கு இந்தியா போட்ட வரியை எதிர்த்து ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், தைவான் மூன்றும் தனித்தனியே வழக்குத் தொடுத்தன. 1996ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் தான் ஒப்புக்கொண்ட பொருட்களின் எல்லைக்குள் இவை வராது என்பதும், சுங்கக் குறியீடுகள் புதுப்பிக்கப்பட்டபோது தன் பட்டியலில் பிழை புகுந்துவிட்டது என்பதும் இந்தியாவின் வாதம். 2023 ஏப்ரலில் விசாரணைக் குழுக்கள் அதை ஏற்கவில்லை. பட்டியலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கடமை என்றன.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, பொருளின் எச்.எஸ். குறியீட்டை (சரக்குகளை வகைப்படுத்தும் பன்னாட்டுச் சுங்க எண்) சரியாக எடுப்பது. முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுதும் பொது. அதற்கு எதிரே உச்சவரம்பு, முன்பு இருந்த வரி, இப்போதைய வரி, மாற்றிய அரசாணையின் நாள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் மீறல் தெரியவில்லை என்றால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: ஒப்புதல் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

இந்த வழிகாட்டியிலேயே அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். எந்த நடுவருக்கும் அதிகாரம் தானாக வருவதில்லை, இரு தரப்பின் ஒப்புதலிலிருந்துதான் வருகிறது. சண்டை முற்றிய பிறகு அந்த ஒப்புதலைப் பெறுவது ஏறத்தாழ முடியாத காரியம். வரி போட்டவருக்கு ஒவ்வொரு மாதத் தாமதமும் லாபம், அவர் ஏன் நடுவரிடம் வரப்போகிறார்? அதனால் நல்லுறவு இருந்த காலத்தில் எங்கே கையெழுத்துப் போட்டார் என்று தேடுங்கள்.

முதல் இடம் உலக வர்த்தக அமைப்பின் தகராறு தீர்வு விதிகள். சாதாரண வழி விசாரணைக் குழுவும் அதற்கு மேல் மேல்முறையீட்டு அமைப்பும். மேல்முறையீட்டு அமைப்பில் ஏழு பேர் இருக்க வேண்டும், ஒரு வழக்குக்கு மூவர் அமர வேண்டும். புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால் 2019 டிசம்பரில் அந்த எண்ணிக்கை மூன்றுக்குக் கீழே போய், அமைப்பு முடங்கியது. விளைவு என்னவென்றால், குழுவின் தீர்ப்பில் தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் போதும், விசாரிக்க ஆளில்லாததால் தீர்ப்பு அப்படியே தொங்கும். மேலே சொன்ன வழக்கில் ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் பெற்ற தீர்ப்புகளை எதிர்த்து இந்தியா அப்படித்தான் மேல்முறையீடு செய்தது. இரும்பு, அலுமினிய வரி வழக்குகளில் அமெரிக்காவும் அதையே செய்தது. எந்த நாடு செய்தாலும், வென்ற தரப்பின் கையில் இருப்பது வெறும் தாள்.

இந்த ஓட்டையை அடைக்க உதவுவது அதே விதிகளின் 25ஆம் பிரிவு. இரு நாடுகளும் சம்மதித்தால், வழக்கமான பாதைக்குப் பதிலாக நடுவர் தீர்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது அது. நடைமுறையை அவர்களே வகுத்துக்கொள்ளலாம், தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும், மற்ற உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அமலாக்க விதிகளான 21, 22ஆம் பிரிவுகள் இந்தத் தீர்ப்புக்கும் பொருந்தும். இதன்மீது கட்டியதுதான் 2020 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட பலதரப்பு இடைக்கால மேல்முறையீட்டு நடுவர் ஏற்பாடு. ஐரோப்பிய ஒன்றியம், சீனா, கனடா, பிரேசில், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மெக்சிகோ போன்றவை தொடக்கத்திலேயே சேர்ந்தன. ஜப்பான் 2023இலும் மலேசியா, பிரிட்டன் 2025இலும் வந்தன. அமெரிக்காவும் இந்தியாவும் இதில் இல்லை. எதிர்த்தரப்பு இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் வழக்கு எங்கே போய் முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. பட்டியலில் இல்லாத நாடும் ஒரே ஒரு வழக்குக்கு மட்டும் சம்மதிக்கலாம். மருந்து தொடர்பான வழக்கில் ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் அப்படி ஒப்பந்தம் செய்துகொண்டு 2022 ஜூலையில் தீர்ப்புப் பெற்றன.

இரண்டாவது இடம், இரு நாடுகளுக்கு இடையிலான அல்லது வட்டார அளவிலான வர்த்தக ஒப்பந்தம். பெரும்பாலானவற்றில் தகராறு தீர்வுக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கும். அதில் நடுவர் குழு அமைக்கும் முறையும் நாட்கெடுவும் இருக்கும். ஒரு பிரிவை மட்டும் மறக்காமல் பாருங்கள்: ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றின் கதவு மூடிவிடும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அவசரத்தில் தவறான கதவைத் தட்டினால் திரும்பி வர வழியில்லை.

மூன்றாவது இடம் அரிது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே பொருளுக்காகச் செய்துகொள்ளும் தனி ஒப்பந்தம். கனடாவும் அமெரிக்காவும் 2006இல் செய்த மென்மர ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் லண்டன் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போவது என்று எழுதிவைத்தார்கள். அது வணிக நிறுவனங்கள் வழக்கமாகப் போகும் இடம். வழக்குகள் வந்தன, தீர்ப்புகளும் வந்தன. 2009இல் கனடா தரப்பு ஈடுசெய்ய வேண்டிய தொகையை நடுவர்கள் 6.826 கோடி கனேடிய டாலர் என்று நிர்ணயித்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மரத்தின் விலை பற்றிய இன்னொரு வழக்கில் 2012இல் கனடா வென்றது. பல பத்தாண்டுகளாகத் தீராத பகை கொண்ட ஒரு துறையில்கூட, ஒப்புதலை முன்பே எழுதிவைத்ததால் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது.

படி 3: கலந்தாலோசனையை நேர்மையாக நடத்துங்கள்

இதைச் சடங்காக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உலக வர்த்தக அமைப்பில் கோரிக்கை கிடைத்த 10 நாளுக்குள் பதில், 30 நாளுக்குள் பேச்சு, 60 நாளில் தீராவிட்டால் விசாரணைக் குழு கேட்கலாம். அழுகும் பொருட்களுக்கு இந்தக் கெடு 10 நாள், 20 நாள் என்று குறையும். கோரிக்கைக் கடிதத்தில் எந்த நடவடிக்கை, எந்தச் சட்டப் பிரிவு என்று தெளிவாக எழுத வேண்டும். இங்கே விட்டுப்போன நடவடிக்கையைப் பிறகு வழக்கில் நுழைப்பது கடினம்.

பேச்சின்போது எழுத்தில் கேள்விகளைக் கொடுங்கள். வரி எப்படிக் கணக்கிடப்பட்டது, எந்தத் தரவு, எந்த ஆண்டு? வரும் பதில்கள் பின்னால் உங்கள் வாதத்தின் முதுகெலும்பாகலாம். தீர்வு வந்துவிட்டால் இன்னும் நல்லது. இந்தியாவும் அமெரிக்காவும் தங்களுக்கிடையே கிடந்த ஆறு வழக்குகளை 2023 ஜூனில் பேசியே முடித்துக்கொண்டன. அதன் பகுதியாக அமெரிக்க ஆப்பிள், வாதுமை, வால்நட், கொண்டைக்கடலை, பருப்பு ஆகியவற்றின் மீதான பதிலடி வரியை இந்தியா விலக்கிக்கொண்டது.

படி 4: நடுவர்களை நியமிப்பது

வழக்கமாக மூன்று பேர். இரு தரப்பும் ஆளுக்கு ஒருவரை முன்மொழிந்து, மூன்றாமவரைச் சேர்ந்து தேர்வார்கள், அல்லது ஏற்கெனவே உள்ள பட்டியலிலிருந்து எடுப்பார்கள். உலக வர்த்தக அமைப்பின் விசாரணைக் குழுவில் 20 நாளுக்குள் உடன்பாடு வராவிட்டால், ஒரு தரப்பு கேட்டுக்கொண்டாலே தலைமை இயக்குநர் நியமித்துவிடுவார். இடைக்கால ஏற்பாட்டில் பத்துப் பேர் கொண்ட நிரந்தரப் பட்டியலிலிருந்து மூவர் சுழற்சி முறையில் வருவார்கள்.

ஒப்பந்தத்தில் இப்படி ஒரு மாற்று நியமன வழி இல்லாவிட்டால் என்ன ஆகும்? வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் நாஃப்டாவின் கீழ் மெக்சிகோ தன் சர்க்கரைக்கான சந்தை அனுமதி குறித்து அமெரிக்காவுக்கு எதிராகக் குழு கேட்டது. அமெரிக்கா உறுப்பினர்களை நியமிக்கவே இல்லை, குழு அமையவே இல்லை. அந்தக் கோபத்தில் மெக்சிகோ 2002இல் சோளப்பாகு சேர்த்த பானங்களுக்கு 20 சதவீத வரி போட்டது. அது உலக வர்த்தக அமைப்பில் தோற்றது. பாதிக்கப்பட்ட அமெரிக்க நிறுவனங்கள் அதே நாஃப்டாவின் முதலீட்டு அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டு நடுவர் மன்றங்களில் மெக்சிகோவிடம் கோடிக்கணக்கான டாலர் இழப்பீடும் பெற்றன. நியமனத்தைப் பற்றிய ஒரு வாசகம் சரியாக இல்லாததால் வந்த வினை இத்தனையும். ஒப்பந்தப் பேச்சில் உட்காரும் அதிகாரிகள் வரிச் சதவீதத்துக்குச் செலவிடும் நேரத்தில் கொஞ்சமாவது இந்த வாசகத்துக்குச் செலவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

படி 5: கேள்வியைச் சுருக்கி, ஆதாரத்தைத் திரட்டுங்கள்

பத்துக் குற்றச்சாட்டு வைப்பதைவிட நிலைத்து நிற்கும் மூன்று வைப்பது மேல். தேவையான ஆவணங்கள்: இரு நாட்டுச் சலுகைப் பட்டியல், வரி மாற்றிய அரசாணைகள், சுங்கத் துறையின் மதிப்பீட்டு ரசீதுகள், வரிக்கு முன்னும் பின்னும் உள்ள ஏற்றுமதிப் புள்ளிவிவரம் (குறைந்தது சில ஆண்டுகளுக்கு), விசாரணை நடந்திருந்தால் அதன் முழு அறிக்கை. இதில் பாதிக்கு மேல் நிறுவனங்களிடம்தான் இருக்கும். ஏற்றுமதியாளர் சங்கங்கள் வரி உயர்ந்த நாளிலிருந்தே சேர்க்கத் தொடங்க வேண்டும்.

வழக்கறிஞர் செலவு சிறிய நாடுகளுக்குப் பெரும் சுமை. ஜெனீவாவில் 2001 முதல் இயங்கும் உலக வர்த்தகச் சட்ட ஆலோசனை மையம் வளரும் நாடுகளுக்கும் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கும் உதவுகிறது. ஆலோசனை இலவசம், வழக்காட்டத்துக்குக் குறைந்த கட்டணம். இப்படி ஒரு கதவு இருப்பது பல நாடுகளின் தொழில் சங்கங்களுக்கே தெரிவதில்லை.

படி 6: விசாரணையும் தீர்ப்பும்

எழுத்து வாதம், நேர்விசாரணை, இடைக்கால அறிக்கை, இறுதி அறிக்கை என்று போகும். விதிப்படி விசாரணைக் குழுவுக்கு ஆறு மாதம், அதிகபட்சம் ஒன்பது. நடைமுறையில் இது அடிக்கடி நீள்கிறது. மேல்முறையீட்டு நடுவர்களுக்கு 90 நாள்.

இடைக்கால ஏற்பாட்டைப் பயன்படுத்துவதென்றால் நேரம் முக்கியம். இரு தரப்பும் தங்கள் நடுவர் ஒப்பந்தத்தை விசாரணைக் குழு அமைந்த 60 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். பிறகு மேல்முறையீடு செய்ய விரும்புபவர், இறுதி அறிக்கை எல்லா உறுப்பினருக்கும் சுற்றுக்கு விடப்படும் முன்பே குழுவின் பணியை நிறுத்திவைக்கக் கேட்டு, 20 நாளுக்குள் மேல்முறையீட்டைப் பதிய வேண்டும். இந்த வழியில் வந்த முதல் தீர்ப்பு உறைந்த உருளைக்கிழங்கு வறுவல் பற்றியது. பெல்ஜியம், ஜெர்மனி, நெதர்லாந்து மூன்றிலிருந்தும் வந்த சரக்குக்குக் கொலம்பியா 2018இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் வழக்காடியது. 2022 அக்டோபரில் கொலம்பியா மேல்முறையீடு செய்ய, டிசம்பர் 21 அன்று 90 நாள் கெடுவுக்குள்ளேயே தீர்ப்பு வந்துவிட்டது.

எல்லாம் இப்படி வேகமாக நடக்கும் என்று எண்ண வேண்டாம். ஐரோப்பியக் கோழி இறைச்சிக்குத் தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் சுங்க ஒன்றியம் 2018இல் போட்ட பாதுகாப்பு வரி, 2022 மார்ச்சில் காலாவதியானது. நடுவர் குழுவின் அறிக்கை வந்தது அந்த ஆண்டு ஆகஸ்டில்.

படி 7: தீர்ப்புக்குப் பிறகு

தோற்ற நாடு வரியைத் திருத்த 'நியாயமான காலம்' கிடைக்கும். எவ்வளவு காலம் என்பதில் உடன்பாடு இல்லையென்றால் அதற்கும் ஒரு நடுவர் உண்டு. 15 மாதத்தைத் தாண்டக்கூடாது என்பது அவருக்கான வழிகாட்டு அளவு. இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. உலக வர்த்தக அமைப்பின் தீர்வுகள் நாளைக்கானவை. இதுவரை கட்டிய வரி பொதுவாகத் திரும்பி வராது.

காலம் முடிந்தும் திருத்தவில்லை என்றால், வென்ற நாடு பதிலடி வரி போட அனுமதி கேட்கலாம். தொகை பற்றி எதிர்த்தரப்பு மறுத்தால் 22ஆம் பிரிவின் கீழ் நடுவர்களிடம் போகும். பெரும்பாலும் அதே விசாரணைக் குழுவினர்தான் அமர்வார்கள். 60 நாள் கெடு, மேல்முறையீடு கிடையாது. இங்கே சட்டத்தைவிடக் கணக்கே அதிகம் பேசும். இந்த வரி இல்லாதிருந்தால் எவ்வளவு வியாபாரம் நடந்திருக்கும் என்று ஒரு மாற்று உலகத்தைக் கட்டி, உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் சொல்வார்கள். கேட்ட தொகை அப்படியே கிடைப்பது அபூர்வம். ஐரோப்பாவின் வாழைப்பழ இறக்குமதி முறையை எதிர்த்த வழக்கில் 1999இல் அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 19.14 கோடி டாலர். ஏர்பஸ் மானிய வழக்கில் 2019இல் அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 750 கோடி டாலர், போயிங் வழக்கில் 2020இல் ஐரோப்பாவுக்கு 399 கோடி டாலர்.

சிறிய நாடு என்ன செய்யும்? தன் இறக்குமதிக்குத் தானே வரி போட்டால் சொந்த மக்களுக்குத்தான் விலை ஏறும். வாழைப்பழ வழக்கில் எக்வடோர் அதைச் சொல்லியே வாதாடி, 20.16 கோடி டாலர் அளவுக்கு அறிவுசார் சொத்துரிமைக் கடமைகளையும் நிறுத்திவைக்க 2000இல் அனுமதி பெற்றது. சரக்குக்குப் பதில் பெரிய நாட்டின் காப்புரிமை, பதிப்புரிமை வருமானத்தைத் தொடும் இந்த வழி, பேச்சு மேசையில் நல்ல எடை தரும்.

பதிலடி அனுமதி வரை போக, ஏற்கப்பட்ட தீர்ப்பு ஒன்று கையில் வேண்டும். அதனால்தான் இரண்டாம் படியில் ஒப்புதலைப் பற்றி அவ்வளவு எழுதினேன். மேல்முறையீடு வெற்றிடத்தில் தொங்கினால் இந்தக் கட்டத்துக்கு வரவே முடியாது.

நிறுவனங்களுக்கு: உங்கள் ஒப்பந்தத்தில் செய்ய வேண்டியது

அரசுகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடும் நேரத்தில் சரக்கு துறைமுகத்தில் நிற்கும். ஏறிய வரியை யார் ஏற்பது என்ற கேள்விக்கு முதல் பதில் விற்பனை ஒப்பந்தத்தின் இன்கோடெர்ம்ஸ் விதியில் (செலவையும் பொறுப்பையும் வாங்குபவர், விற்பவர் இடையே பிரிக்கும் பன்னாட்டு வணிக விதிகள்) இருக்கிறது. டி.டி.பி. (வரி கட்டி ஒப்படைப்பது) என்றால் இறக்குமதி வரி விற்பவர் தலையில். மற்றவை எல்லாவற்றிலும் வாங்குபவர் கட்ட வேண்டும். வரி ஏறியதைக் காட்டி 'தவிர்க்க முடியாத இடர்' என்று ஒப்பந்தத்திலிருந்து விலகப் பலர் பார்க்கிறார்கள். செலவு கூடியது மட்டும் அதற்குப் போதாது என்பதே நடுவர்களின் பொதுவான பார்வை. அதனால் தனியாக ஒரு வரிமாற்றப் பிரிவு எழுதுங்கள்: ஒப்பந்த நாளில் இருந்த வரி விகிதம், எவ்வளவு ஏறினால் விலையை மறுபேச்சு நடத்துவது, எத்தனை நாளுக்குள் அறிவிப்பது, பேச்சு முறிந்தால் பாரத்தைப் பங்கிடுவதா விலகுவதா.

அப்புறம் நடுவர் பிரிவு. எந்த மன்றத்தின் விதிகள், எந்த நகரம் இருக்கை (நடுவர் விசாரணையின் சட்டப்படியான இடம்), எத்தனை நடுவர், எந்த மொழி, எந்த நாட்டுச் சட்டம் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். இருக்கையாக வைக்கும் நாடும், எதிர்த்தரப்பின் சொத்துகள் உள்ள நாடும் வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நிறைவேற்ற வழிசெய்யும் 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்தவையா என்று பாருங்கள். 170க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருப்பதால் பெரும்பாலும் சிக்கல் இராது. சரக்கின் வகைப்பாடு அல்லது மதிப்பு பற்றிச் சுங்க அதிகாரியோடு வரும் சண்டையை மட்டும் இந்தப் பிரிவால் நடுவரிடம் கொண்டுபோக முடியாது. அதற்கு அந்த நாட்டின் சுங்க மேல்முறையீட்டு வழிதான். அங்கே கெடு பெரும்பாலும் குறுகியது என்பதால், வரி உத்தரவு கைக்கு வந்த நாளிலேயே எதிர்ப்பைப் பதிந்து, பணத்தை ஆட்சேபத்தோடு கட்டியதற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.